கிளம்பாத நாட்கள்

மூன்றாவது முறை சாவியைத் திருப்பியபோதும் அந்த ஒரே சத்தம்தான் வந்தது. டக். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இன்ஜின் இருமவில்லை, முனகவில்லை. டாஷ்போர்டு விளக்குகள் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாய் எரிந்தன, எங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதுபோல. வண்டி கிளம்பாதது அவளுக்குப் பழகிவிட்டது. இந்த மாதத்தில் இது நாலாவது தடவை. இன்றைக்கு உறுத்தியது வேறு. அந்தச் சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. மிக அருகில், காது மடலுக்குப் பின்னால் யாரோ நகத்தைச் சொடுக்கியதுபோல் கேட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் பாப்பா தன் ஷூவின் பட்டையைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை.

அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது அடித்தளம் அது. வெயில் அங்கே எட்டிப் பார்த்ததே கிடையாது. காலை பத்து மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் அங்கே வித்தியாசமில்லை. ஈரச் சிமெண்ட்டும் பழைய டயரும் எங்கோ கசிந்த டீசலும் கலந்த வாடை, மூக்கில் ஏறினால் குளித்தாலும் போகாது. தலைக்கு மேல் ஓடும் குழாய்களில் மாடி வீடுகளின் தண்ணீர் தொண்டையில் விழுங்குவதுபோல் இறங்கிக்கொண்டிருக்கும். கூரையில் தூணுக்குத் தூண் ஒரு டியூப் லைட். ஆள் அசைந்தால் எரியும். ஒரு நிமிஷம் அசைவில்லை என்றால் தானாக அணையும். குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள் கூடிப் பேசிச் செய்த சிக்கனம்.

விளக்கு அணைந்தது.

"அம்மா, லைட் போச்சு. நான் ஆட்டட்டா?"

"ஆட்டுடா."

பாப்பா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ரயிலை நிறுத்துகிறவளைப் போல ஆட்டினாள். விளக்கு இரண்டு முறை சிமிட்டி எரிந்தது. நாலு வயதில் அவளுக்கு இருந்த ஒரே உத்தியோகம் அது. வேறு யாராவது கையை ஆட்டிவிட்டால் அழுவாள்.

பதினோரு மணிக்கு நேர்காணல். ஒரு பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை. ஆறு வருடங்களுக்குப் பிறகு அவள் போட்ட முதல் விண்ணப்பம். வீட்டில் சொல்லவில்லை. கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். கிடைக்காவிட்டால் சொல்வதற்கு எதுவும் இருக்காது.

போன் அடித்தது. கணவன்.

"என்ன, இன்னும் கிளம்பலையா?"

"வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க."

"மறுபடியுமா?" அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்பு. "உன் கைக்கும் அதுக்கும் ஆகவே ஆகாது போல. சரி விடு, மேல போ. பாப்பாவைத் தூக்கிட்டு ரோட்ல ஆட்டோவுக்கு அலையாத, என்ன?"

சரிங்க என்றாள். லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டும்போதுதான் புரிந்தது. கிளம்புகிறேன் என்று அவனிடம் சொல்லவே இல்லையே.

அன்று மாலை அவன் அவளைக் கீழே அழைத்துப் போனான். ஒரு காலை வெளியிலேயே வைத்துக்கொண்டு, பாதி உட்கார்ந்த நிலையில் சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பு. வண்டி நாய்க்குட்டி மாதிரி துள்ளி எழுந்தது.

"வண்டிக்கு ஆள் தெரியும்டி" என்றான். இறங்கி வந்து வழக்கம்போல் அவள் பிடரியில் கையை வைத்தான். பார்க்கிறவர்களுக்கு அது அன்பு. கல்யாணமான புதிதில் அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. கட்டைவிரல் எப்போதும் ஒரே இடத்தில் அமரும், மயிர் தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே. அங்கே கொசு கடித்தாற்போல் ஒரு சின்னத் தடிப்பு, ரொம்ப நாளாய் இருந்தது. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொள்வாள்.

கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் வண்டி இரண்டு நாள் கிடந்தது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை, கேட்டபோதெல்லாம் கிளம்புகிறது என்று கழுவித் துடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். டாக்டரைக் கண்டதும் நோயாளி எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்ட கதை.

"போதுமா? திருப்திதானே?" என்றான் கணவன். "இன்னும் யார்கிட்ட காட்டணும்னாலும் காட்டு. நான் வேணாம்னு சொல்லல."

அப்படித்தான் அவள் ஒயரம்மாவிடம் போனாள்.

டயர் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவே இருந்தது ஒயரம்மாவின் வண்டி வயரிங் கடை. சுவர் முழுக்க ஆணிகளில் வயர் சுருள்கள். ஈயப் பற்று வைக்கும் புகை எந்நேரமும் கண்ணைக் கரிக்கும். ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலியாய் வைத்த பெயரை, பெயிண்டரைக் கூப்பிட்டுப் போர்டாகவே எழுதி மாட்டிவிட்டவள். சிரித்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"எப்ப நிக்குது?"

"சொல்ல முடியலக்கா. திடீர் திடீர்னு..."

"திடீர்னு எதுவும் நிக்காது. காரணம் உனக்குத் தெரியல, அவ்வளவுதான். வண்டி சூடா இருக்கும்போதா, ஆறினப்புறமா? மழையிலயா? ஒரு ராத்திரி நின்னதுக்கப்புறமா?"

எல்லாவற்றுக்கும் அவள் விழித்தாள்.

"எதுவும் பார்க்கல. நல்லது. பேட்டரிய மாத்து, மோட்டார மாத்துன்னு எடுத்ததும் சொல்றவன் மெக்கானிக் இல்ல, ஜோசியக்காரன். நகரு."

ஒயரம்மா பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தாள். பேட்டரி பழுதில்லை. முனைகள் இறுக்கமாக இருந்தன. பாடிக்கு வரும் எர்த் வயர் சுத்தமாக இருந்தது. பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகும் மெல்லிய வயரில் இன்னொரு வயரை ஒட்டவைத்து உள்ளே இழுத்துவந்து, ஸ்டீயரிங்குக்கு மேலே பட்டாணி அளவு பல்பு ஒன்றை டேப் போட்டு நிறுத்தினாள்.

"சாவியக் கடைசி வரைக்கும் திருப்பும்போது இது எரிஞ்சு, வண்டி சுத்தலைன்னா மோட்டார்ல தப்பு. பல்பே எரியலைன்னா மோட்டார் வரைக்கும் கரண்ட் வந்து சேரல, நடுவுல எங்கேயோ அறுபடுது. கரண்ட் எது வரைக்கும் வருதுன்னு ஒவ்வொரு இடமா தொட்டுப் பார்த்துக்கிட்டே போகணும். வராத இடத்துக்கும் வந்த இடத்துக்கும் நடுவுலதான் வியாதி. இதான் மொத்தத் தொழிலே."

பிறகு மேஜையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினாள்.

"மூணு வாரம் எழுது. கிளம்பாத நாளை மட்டும் எழுதக் கூடாது, கிளம்பின நாளும் வேணும். எத்தனை மணி, வெயிலா மழையா, என்ன சத்தம், பல்பு எரிஞ்சுதா, யார் ஓட்டினது, கூட யாரு, எங்க போறதுக்காகக் கிளம்பின."

"எங்க போறேங்கறது எதுக்குக்கா? வண்டிக்கு அது தெரியவா போகுது?"

"எதுக்குன்னு எனக்கும் தெரியாது. தேவையில்லன்னு நீ நினைச்சு விடறதுக்குள்ளதான் அது ஒளிஞ்சிருக்கும். ஒண்ணையும் விடாத."

அவள் எழுதினாள். பள்ளியில் படிக்கும்போது இருந்த ஒழுங்கு எங்கிருந்தோ திரும்பி வந்தது. திங்கள், 9.10, வெயில், பாப்பாவின் பள்ளி, கிளம்பியது, பல்பு எரிந்தது. செவ்வாய், 4.30, மழை, காய்கறிக் கடை, கிளம்பியது, பல்பு எரிந்தது. புதன், 10.20, வெயில், தங்கை வீடு, கிளம்பவில்லை, டக், பல்பு எரியவில்லை.

கணவன் பல்பைப் பார்த்தான். "என்னடி இது, கல்யாண வீடா?" என்று விரலால் சுண்டினான். நோட்டை எடுத்து நிதானமாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். அவள் அடுப்படியில் நின்று பாத்திரம் தேய்க்கிற சத்தத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்று மூடி, இருந்த இடத்திலேயே வைத்தான். "எழுது, எழுது. பொழுது போகணுமே உனக்கு."

நோட்டின் கடைசிப் பக்கத்தை அவன் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் சொல்லவில்லை. அதில் அவள் வேறு ஒரு கணக்கு எழுதி வந்தாள். ஒன்றையும் விடாதே என்று ஒயரம்மா சொன்னதால் தொடங்கியது அது.

ஞாயிறு இரவு: தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அவள் "அக்கா? அக்கா?" என்கிறாள். எனக்கு வாய் திறக்கவில்லை. பத்து வினாடி.

வியாழன் மதியம்: நடந்தே பஸ் ஸ்டாப் போய்விடலாம் என்று இறங்கினேன். கேட்டுக்கு முன்னால் வலது கால் எழும்பவில்லை. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே இருந்தான். திரும்பி நடந்தபோது கால் சரியாகிவிட்டது.

சனி: அவர் சட்டைப் பையிலிருந்து என் அடையாள அட்டையை எடுக்கப் போனேன். கை பாதியில் நின்றது.

எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது வெட்கமாக இருந்தது. பயந்தாங்கொள்ளியின் டைரி. அவள் பிறந்த வீட்டில் இதற்கு ஒரு சொல் உண்டு: தொடை நடுங்கி. சின்ன வயதிலிருந்தே அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பயந்தால் யாருக்கும் கை கால் ஓடாது, இதில் எழுத என்ன இருக்கிறது? மூன்று வாரம் முடிந்து ஒயரம்மாவிடம் போன அன்று, கடைக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, அந்தக் கடைசிப் பக்கத்தை நோகாமல் கிழித்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டாள். வண்டிக்குச் சம்பந்தமில்லாதது.

ஒயரம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தாள். மழை நாட்களைச் சுழித்தாள், அதில்லை. வெகுநேரம் நின்ற நாட்களைச் சுழித்தாள், அதுவுமில்லை. பிறகு பென்சில், எங்கே போவதற்கு என்று எழுதிய இடத்துக்கு வந்து மெதுவாக இறங்கியது.

"பள்ளிக்கூடம், கிளம்பிச்சு. காய்கறி, கிளம்பிச்சு. உன் மாமியார் வீடு, கிளம்பிச்சு. அவர் ஆபீசுக்குச் சாப்பாடு, கிளம்பிச்சு. தங்கச்சி வீடு, இல்ல. பாங்க்ல உன் பேர்ல கணக்கு ஆரம்பிக்க, இல்ல. தங்கச்சி வீடு, மறுபடி இல்ல." நிமிர்ந்தாள். "வண்டிக்கு உன் தங்கச்சி மேல அப்படி என்னம்மா கோபம்?"

அவள் சிரிக்கப் போனாள். ஒயரம்மா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் உதடு அப்படியே நின்றுவிட்டது.

"இவ்வளவுதானா? வேற ஒண்ணும் எழுதலையா?"

"இவ்வளவுதான்க்கா."

ஒயரம்மா எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மூடியைக் கழற்றினாள். வயர்களை ஒவ்வொன்றாய் ஒதுக்கும் சத்தம். பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

"இங்க வா. தொடாத, பாரு."

தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. டேப் சுற்றி, வயர் கட்டுக்குள் குட்டி எலிபோல் ஒடுங்கிக் கிடந்தது. சாவியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரை வெட்டி, அதன் இரண்டு முனைகளையும் அதற்குள் செருகியிருந்தார்கள்.

"கம்பெனி வேலை இல்ல இது. திருட்டுக்காக வெக்கறது. எங்க இருந்தாலும் போன்ல ஒரு அழுத்து, உள்ள டக்குனு அறுபடும். மறுபடி அழுத்தினா ஒட்டிக்கும்." ஒயரம்மா எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் கிரீஸ். "திருடன் யாருன்னு கேக்க மாட்டேன். ரெண்டே பேர்தான் ஓட்டறீங்க."

வெல்டிங் பட்டறையிலிருந்து இரும்பு அறுக்கும் ஓசை வந்து பல்லைக் கூசச் செய்தது. ஆத்திரம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது ஒரு நிம்மதி. அப்படியானால் தன் கை ராசி இல்லாத கை அல்ல. தான் பைத்தியம் அல்ல.

"ஆனா ஒண்ணு இடிக்குது" என்றாள் ஒயரம்மா. "தங்கச்சி வீட்டுக்குப் போறன்னு அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லிட்டா கிளம்பின?"

"இல்லக்கா. யார்கிட்டயும் சொல்லல. ரெண்டாவது தடவை எனக்கே லிஃப்ட்ல இறங்கும்போதுதான் தோணிச்சு."

"பையி, துணி, ஏதாவது பார்த்திருப்பாரு."

"கையில சாவி மட்டும்தான் இருந்துச்சு." அவள் தயங்கினாள். "அப்புறம் அந்தச் சத்தம்... காலடியிலருந்தா வந்திருக்கும்? எனக்குப் பின்னாடி கேட்டுச்சே."

"பின்னாடி ஒண்ணும் கிடையாது. மூடின வண்டியில சத்தம் அப்படித்தான் சுத்தி வரும்." சொல்லிவிட்டு ஒயரம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். "இதை வெக்கறவன் விவரமானவனா இருந்தா ரெண்டு வெப்பான். ஒண்ணு, தேடினா கிடைக்கற மாதிரி. திருடன் அதைப் பிடுங்கிப் போட்டுட்டு, அவ்வளவுதான், ஜெயிச்சாச்சுன்னு உட்காருவான். ரெண்டாவது அப்பத்தான் வேலையக் காட்டும். இரு, பார்த்துடறேன்."

மாலை வரை பார்த்தாள். சீட்டுகளைக் கழற்றினாள், கூரைத் துணியை இறக்கினாள், ஒவ்வொரு வயரையும் முனைக்கு முனை மீட்டர் வைத்துத் தொட்டாள். கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இல்ல. இந்த வண்டியில ரெண்டாவது கிடையாது. எழுதியே தரேன்."

கறுப்புப் பெட்டியை அவள் எடுக்கவில்லை. அறுத்த வயரை நேராக ஒட்டவைத்து, பெட்டிக்குக் கரண்ட்டை மட்டும் விட்டு, பழைய இடத்திலேயே டேப் சுற்றி வைத்தாள். "எடுத்துட்டா அவர் போன்ல தெரிஞ்சிடும். இப்ப அவர் அழுத்துவாரு, இது டக்குனு அடிச்சுக்கும், வண்டி பாட்டுக்குக் கிளம்பிப் போகும். அடிச்சுக்கட்டும், நாய் குரைக்கற மாதிரி." அப்போதுதான் முதல்முறையாக அவள் வாயோரம் லேசாய் வளைந்தது. "என்னிக்குப் போற?"

போகிறாயா என்று கேட்கவில்லை. என்றைக்கு என்றுதான் கேட்டாள்.

"வியாழக்கிழமை. அவர் ரெண்டு நாள் வெளியூர் போறாரு."

"பாப்பா?"

"பாப்பாவுக்காகத்தான்க்கா." அதைச் சொல்லும்போதுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. போன வாரம் பாப்பா தண்ணீரைக் கொட்டிவிட்டு, திட்டு வாங்குவதற்கு முன்பே அசையாமல் நின்றிருந்தாள். அழவில்லை, ஓடவில்லை, துணியை எடுக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி சும்மா நின்றாள். அவனும் மடியில் வைத்துக் கொஞ்சுவதுபோல் அவள் பிடரியைப் பிடித்திருந்தான்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவன் கிளம்பினான். சக்கரம் வைத்த பெட்டி. வராந்தாவின் ஓடுகளின் மேல் அது கடகட, கடகட என்று லிஃப்ட் வரை போயிற்று. போவதற்கு முன் பிடரியில் கை. கட்டைவிரல்.

"பத்திரம்" என்றான். "எங்கயும் அலையாத."

அவள் நாலு மணி நேரம் காத்திருந்தாள். ரயில் ஏறிவிட்டேன் என்று அவன் அனுப்பிய செய்தியை மூன்று தடவை படித்தாள். இரண்டு பைகள். பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு ஜோடித் துணி, காது அறுந்த கரடி பொம்மை. லிஃப்டிலிருந்து இறங்கியபோது வாட்ச்மேன் அங்கே நின்றிருந்தான்.

"ஊருக்காம்மா?"

"பழைய துணி. குடுக்கப் போறேன்."

"சார் ஊர்ல இல்ல போல" என்றான், பைகளைப் பார்த்துக்கொண்டே. 

அடித்தளத்தில் அவர்கள் நடக்க நடக்க ஒவ்வொரு தூணாய் விளக்கு எரிந்து, கடந்ததும் பின்னால் ஒவ்வொன்றாய் அணைந்தது. வண்டி இருந்த இடம் கடைசி மூலை. ஈரச் சிமெண்ட் வாடை. குழாய்க்குள் யாருடைய குளியலோ இறங்கும் ஓசை. பாப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துப் பட்டையை மாட்டினாள். முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். சாவியைப் போட்டு முதல் கட்டத்துக்குத் திருப்பினாள். டாஷ்போர்டு எரிந்தது. பாப்பா கேட்டதால் பின் ஜன்னலை இறக்கினாள்.

"சித்தி வீட்ல நாய்க்குட்டி இருக்காம்மா?"

"இருக்கு."

"கடிக்குமா?"

"கடிக்காது. குரைக்கும், அவ்வளவுதான்."

காலடியில் ஒரு சத்தம். டக்.

அவன் அழுத்திவிட்டான். எங்கோ ஓடுகிற ரயிலில் உட்கார்ந்து, போனை எடுத்து, அழுத்திவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவனைப் பார்த்து, அவன் இல்லாத இடத்தில், சிரித்தாள். அடிச்சுக்கோ. நல்லா அடிச்சுக்கோ. சாவியைக் கடைசிக் கட்டத்துக்குத் திருப்பினாள்.

திருப்பவில்லை.

திருப்ப நினைத்தாள். விரல்கள் சாவியைப் பிடித்திருந்தன. நன்றாகப் பிடித்திருந்தன. உலோகத்தின் குளிர்ச்சி தெரிந்தது, சாவி வளையத்தில் தொங்கிய பிளாஸ்டிக் மீன் மணிக்கட்டில் உரசுவது தெரிந்தது. கை மட்டும் திரும்பவில்லை.

பயம், என்று சொல்லிக்கொண்டாள். தொடை நடுங்கி. மூச்சை இழுத்துவிட்டாள். மறுபடியும்.

இல்லை.

ஒயரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. எதுவரை வருகிறது என்று ஒவ்வொரு இடமாய்த் தொட்டுப் பார். தோளை நினைத்தாள். தோள் அசையவில்லை. கழுத்தைத் திருப்பப் பார்த்தாள். கழுத்து இல்லை. கால் விரல். இல்லை. நாக்கு. இல்லை. கண் மட்டும் அசைந்தது. நினைப்பு மட்டும் ஓடியது. தலைக்குள் வரை வருகிறது. தலைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

வராத இடத்துக்கும் வந்த இடத்துக்கும் நடுவில்.

பிடரி அரித்தது.

அப்போதுதான் தெரிந்தது, காலடியில் டக் என்றதற்குப் பின்னால், அவளுடைய சிரிப்புக்கு அடியில், இன்னொன்றும் கேட்டிருந்தது. காது மடலுக்குப் பின்னால். மெல்லியதாக. கைப்பைக்குள் நாலாக மடித்த தாள். வாய் திறக்கவில்லை. கால் எழும்பவில்லை. கை பாதியில் நின்றது. எல்லாம் எழுதியிருந்தாள். வரிசையாக, கிழமை போட்டு. அவளே கிழித்தாள்.

இந்த வண்டியில ரெண்டாவது கிடையாது.

ஸ்டீயரிங்குக்கு மேலே பட்டாணி பல்பு எரியாமல் நின்றது.

தலைக்கு மேல் விளக்கு அணைந்தது.

"அம்மா, லைட் போச்சு."

இருட்டு. டாஷ்போர்டின் சிவப்பு அவள் முட்டியில் விழுந்திருந்தது.

"அம்மா? நான் ஆட்டறேன், நீ ஆட்டாத." பட்டை இழுபடும் சத்தம். பாப்பா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். விளக்கு சிமிட்டி எரிந்தது. "வந்துடுச்சு பாத்தியா!"

நல்ல பெண். ஆட்டிக்கொண்டே இரு. இறங்கு. பட்டையைக் கழற்றிவிட்டு இறங்கி ஓடு. அவள் கத்தினாள். ஒரு மூச்சுகூட வெளியே வரவில்லை.

தொலைவில், லிஃப்ட் பக்கம், ஒரு டியூப் லைட் எரிந்தது.

பிறகு அடுத்த தூண்.

கடகட. கடகட. சிமெண்ட் தரையின் இணைப்புகளின் மேல் சின்னச் சக்கரங்கள். அவசரமில்லை. அடுத்த தூண். பக்கக் கண்ணாடியில் அவளுக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. வெளிச்சத்துக்குக் கீழே யார் என்று தெரியவில்லை.

பாப்பாவுக்குத் தெரிந்தது. அவள் ஜன்னல் பக்கம் உடம்பை வளைத்து, தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தாள். இரட்டைப் பின்னல் இரண்டும் முன்னால் சரிந்தன. பக்கக் கண்ணாடியில் அவளுடைய சின்னப் பிடரி வெள்ளையாய்த் தெரிந்தது. மயிர் தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, கொசு கடித்தாற்போல், சிவப்பாய் ஒரு தடிப்பு.

"அப்..."

டக்.

டாட்டா காட்டத் தூக்கிய கை ஜன்னலுக்கு வெளியே பாதியில் நின்றது. ஐந்து விரலும் விரிந்தபடி.

அடுத்த தூண் எரிந்தது. அதற்கடுத்த தூண். வண்டிக்கு மேலிருந்த விளக்கு, கீழே எதுவும் அசையாததால், தானாக அணைந்தது.